அப்பாவின் இலையைத் தின்ற பறவை

மரக்காணத்துக்குக் கடல்புறா பார்க்கப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து வீட்டில் உட்கார வையுங்கள். நான் பார்த்துவிட்டேன். போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டேன். இத்தனைக்கும் நான் அதைப் பார்க்கப் போனவன் இல்லை. நான் போனது காக்காவுக்காக.

மலேசியாவில், கிள்ளானில் லாரி உதிரிப் பாகம் விற்கிறவன் கடையைப் பூட்டிவிட்டு இந்தியாவுக்குக் காக்கா தேடிப் போனான் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? கிள்ளானில் இல்லாத காக்காவா? எங்கள் ஊரில் அது பெருத்துப் போய் ஆள் வைத்துச் சுடுகிறார்கள். பசாரின் பின்பக்கம், மீன் கழுவுகிற இடத்தில் சும்மா நின்றால் தலையிலேயே வந்து உட்காரும். அப்படிப்பட்ட ஊரில், அப்பாவின் கருமாதி அன்று ஒரு காக்காகூட இலையைத் தொடவில்லை. கம்பியில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. அதை அம்மா ஒரு வருஷமாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு இங்க மனசு இல்ல மணியம். மரக்காணத்துல அவங்கப்பா உப்பு வாரின பாத்தி ஓரத்துல இலை போடணும்னு சாவறதுக்கு முன்னாடியே சொன்னாரு. நாமதான் காதுல வாங்கல" என்றாள்.

2006 மார்ச்சில் தலைத்திவசம் வந்தது. நான் பெட்டியைத் தூக்குகிற நேரம் பார்த்து அம்மா குண்டைப் போட்டாள். "காக்கா எடுத்துச்சுன்னு உன் வாயால கேக்கற வரைக்கும் நான் சோறு தொடமாட்டேன்." சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். இரண்டு வேளை சரியாகச் சாப்பிடாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். என் மனைவி அவளுக்குப் பின்னால் நின்று, சீக்கிரம் முடித்துத் தொலையுங்கள் என்று கண்ணாலேயே சொன்னாள்.

அப்பாவுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். யாவாரம் என்பார். எந்த ஊர், என்ன யாவாரம், யாருக்கும் தெரியாது. திடீரென்று ஒரு நாள் தெருமுனையிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருவார். வந்ததும் என் தட்டில் இருக்கும் முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். கொஞ்ச நாள் தின்பார், தூங்குவார், மறுபடி காணாமல் போவார். அந்த முட்டை எனக்கு இன்னும் ஜீரணம் ஆகவில்லை.

திண்டிவனத்தில் ஏறிய பஸ் பெருமுக்கல் வந்ததும் நின்றது. டிரைவர் இறங்கி என்ஜினைப் பார்த்தார். கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பார்த்தார். நாங்கள் இறங்கி இரண்டு பேரையும் பார்த்தோம். மலை உச்சியில் இருக்கும் கோயிலைப் பார்த்து ஒருத்தர் கும்பிட்டார். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. என் கடையில் அந்த பெல்ட் சுவர் முழுக்கத் தொங்குகிறது. இங்கே ஒரு நைலான் கயிற்றைக் கட்டி வண்டியைக் கிளப்பினார்கள். அது ஏன் ஓடாது என்று நான் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓடியது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் சட்டையையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, "மலேசியாவா? இங்க இருக்கறவன்லாம் அங்க போறான். நீ இன்னாத்துக்குப்பா இங்க வர்ற?" என்றாள்.

காக்காவுக்குச் சோறு வைக்க என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

மரக்காணத்தில் எனக்கு இருக்கும் ஒரே சொந்தம் தனசேகர். சித்தப்பாவின் மகன். தாத்தா வேலை பார்த்த அதே உப்பளத்தில் நாலு பாத்தி குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறான். அவன் மனைவி மல்லிகா. அவளுக்கு நான் மாமா, என் அப்பா பெரிய மாமா. போட்டோவைத் தவிர அவரைப் பார்த்ததே இல்லை என்றாலும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவருக்காக ஒரு தடவை அழுது முடித்துவிட்டாள். பிறகு கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் இறால் தொக்கும் வைத்தாள். நான் குறை சொல்லப் பிறந்தவன் என்று என் மனைவி சொல்வாள். அந்தத் தொக்கில் எனக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. காபிதான் சகிக்கவில்லை, சர்க்கரைப் பாகு.

மறுநாள் காலை உப்பளத்துக்குப் போனோம். தரை வெள்ளை, குவியல் வெள்ளை, வானம்கூட வெள்ளை. கண்ணைத் திறக்க முடியவில்லை. இந்த வெயிலில் பாத்திக்குள் இறங்கி உப்பு வாருகிற பெண்கள் என்னைப் பார்த்து, "இன்னா சார், கண்ணு கூசுதா?" என்று சிரித்தார்கள். ஐயர் டிவிஎஸ் வண்டியில் வந்தார். எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொன்னார், மந்திரத்தைக் கடகடவென்று முடித்தார், வண்டியை உதைத்தார், போயே போய்விட்டார். திண்டிவனம் பஸ்ஸுக்கு அந்த வேகம் இருந்தால் தேவலை.

அதற்கப்புறம்தான் மல்லிகா தூக்குச்சட்டியைத் திறந்தாள். வரப்பில் இலை போட்டுச் சோறு, பருப்பு, வடை வைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கை நெத்திலி வறுவலை எடுத்து நடுவில் கொட்டினாள்.

"பெரிய மாமாவுக்கு மீன் இல்லாம சோறு எறங்குமா?" என்றாள்.

அவர் நினைப்பாக அவருக்குப் பிடித்ததை வைத்தாள். தப்பு என்று எப்படிச் சொல்வது? நான் வானத்தைப் பார்த்து "கா... கா..." என்று கத்தினேன். ஐம்பது வயது ஆள், வெயிலில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. வாருபலகையை ஊன்றிக்கொண்டு பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

காக்கா வரவில்லை. முகத்துவாரப் பக்கம், ஒரே திசையைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்த வெள்ளைக் கடல்புறாக் கூட்டம் ஒன்று எழும்பியது. எப்படித்தான் அதற்கு மூக்கில் வேர்க்குமோ தெரியவில்லை. நாங்கள் "ஏய், ஏய்" என்பதற்குள் இலையின் மேல் இறங்கிவிட்டன. வடையை ஒன்று தூக்கியது. அதன் வாயிலிருந்தே இன்னொன்று பிடுங்கியது. பிடுங்கியதை மூன்றாவது ஒன்று துரத்தியது. நெத்திலி இருந்த இடத்தில் எண்ணெய்கூட மிச்சமில்லை.

தூரத்தில் பார்த்தால் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். கிட்டத்தில் பாருங்கள். உடம்பு சலவைக்குப் போட்டு வந்தது போல வெள்ளை. முதுகும் இறக்கையும் சாம்பல். இறக்கை நுனியில் கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டு. காலும் அலகும் ரத்தச் சிவப்பு. அலகு நுனி மட்டும் கறுத்திருக்கும். பெரும்பாலானவற்றுக்குத் தலை வெள்ளை, காதுக்குப் பின்னால் மை தடவிய கை பட்டது போல ஒரு கறை. கண்ணும் வெளிறிய கண். அந்தக் கண்ணில் கொஞ்சமாவது வெட்கம் தெரிகிறதா என்று தேடிப் பார்த்தேன். சுத்தமாக இல்லை.

அதில் ஒன்றுக்கு மட்டும் தலை பழுப்பாக இருந்தது. காபிப் பொடி நிறம். அதுவும் முழுசாக இல்லை. அலகுக்கு மேலே நெற்றிப் பக்கம் வெள்ளையாக விட்டுப்போயிருந்தது. மற்றவை எல்லாம் பறந்த பிறகும் அது போகாமல், இலையில் ஏறி நின்று பருப்பை நோண்டியது. தலையை மேலே தூக்கி, துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல ஒரு கத்து கத்தியது. பிறகு இலையிலேயே எச்சம் போட்டுவிட்டுக் கிளம்பியது.

"வுடுங்கண்ணே. நாளைக்கு மீன் இல்லாம வெப்போம்" என்றான் தனசேகர்.

மறுநாள் மீன் இல்லை. தனசேகர் கையில் கம்பு இருந்தது. நாங்கள் இலை போடுவதற்கு முன்பே பழுப்புத் தலை வரப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. பந்தி எப்போது என்று கேட்காத குறை. தனசேகர் விரட்டினான். அது பறந்து பாத்தியில் இறங்கி, தண்ணீரில் மிதந்துகொண்டே எங்களைப் பார்த்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று ஒரு காக்கா வந்தது. கரன்ட் கம்பத்தில் உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து இலையைப் பார்த்தது. "அப்பா, வாங்கப்பா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொன்னது வாய்தான், நான் இல்லை. காக்கா வரப்பில் இறங்கித் தத்தித் தத்தி வந்தது. இன்னும் ஒரு தத்து. பாத்தியிலிருந்து அந்தப் பழுப்புத் தலை எழும்பி அதன் மேல் பாய்ந்தது. கூடவே நாலைந்து வெள்ளைகளும் சேர்ந்துகொண்டன. காக்கா கத்திக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியே போய்விட்டது. பழுப்புத் தலை மற்ற வெள்ளைகளையும் கொத்தி விரட்டிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சோற்றைத் தின்றது.

பாத்தியில் நின்ற ஒரு அம்மாளுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். "காக்காலாம் இங்க எதுக்கு சார் வருது? மீன் ஏலம் வுடற எடத்துல குந்திங்கினு இருக்கும். இதுங்கதான் இங்க. இன்னும் கொஞ்ச நாள்தான், பங்குனி போனா இதுங்களும் போயிடும்" என்றாள்.

"எங்கே போகும்?"

"யாருக்குத் தெரியும்? போவும், மறுபடி மழைக்காலத்துல வரும். வந்தா தின்னும்."

ஈசிஆர் ரோட்டுப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். இடையஞ்சாவடிப் பக்கம் இருக்கும் வெள்ளைக்காரக் குடியிருப்பிலிருந்து வந்தவர்களாம். ஆளுக்கு ஒரு தூரக்கண்ணாடி. அந்தப் பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பழுப்புத் தலை! கல்யாண உடுப்பு போட ஆரம்பித்துவிட்டது, பாரேன்" என்று அந்தப் பெண் தன் ஆங்கிலத்தில் உருகினாள். "இமயமலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஏரிகளுக்குப் போய்க் குஞ்சு பொரிக்கும். என்ன ஒரு பயணம்!" என்றான் அவன். என்ன ஒரு பயணம்! குடும்பம் ஒரு பக்கம், தீனி இன்னொரு பக்கம். எனக்கு அது புதுசும் இல்லை, அதிசயமும் இல்லை. அவர்கள் இருவரும் மூக்கு சிவக்கச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தனசேகர் மொட்டை மாடியில் ஒரு வடையை வைத்தான். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு காக்கா கவ்விக்கொண்டு போனது. "முடிஞ்சிட்ச்சி. காக்கா எடுத்துச்சுன்னு அத்தைகிட்ட... இல்ல, பெரியம்மாகிட்ட சொல்லிடுங்கண்ணே. பொய்யா? இல்லியே!" என்றான். அவனுக்குப் பதட்டத்தில் முறைகூட மாறிப்போனது.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. சாயங்காலம் கடைத்தெருவில் இருந்த போன் பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஃபேன் இல்லை.

"காக்கா எடுத்துச்சும்மா."

அம்மா உடனே சந்தோஷப்படவில்லை. "எத்தனை வந்துச்சு?"

"ஒண்ணு."

"ஒண்ணா? காக்கா ஒண்ணா வந்து தின்னுட்டுப் போவுமா? மத்ததைக் கூப்பிடாதா?"

நான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

"நீ சின்னதுலேர்ந்தே இப்படித்தான். பொய் சொல்றதுக்கு முன்னாடி மூச்சு வாங்குவ. வரப்புலதான எடுத்துச்சு? சொல்லு."

"இல்லம்மா. மாடியில."

போன் என் மனைவி கைக்குப் போனது. "காலையில தலை சுத்தி உக்காந்துட்டாங்க. ரொட்டியும் வேணாங்கறாங்க. டாக்டர் ஊசி போட்டுட்டுப் போயிருக்காரு. நீங்க அங்க என்னதான் பண்றீங்க?" என்றாள். நான் ஒரு பறவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்? பயமாக இருந்தது. அப்பா போனபோது எனக்குப் பயம் வரவில்லை. இப்போது அம்மாவை நினைத்து வந்தது.

அடுத்த நாள் நான் ஒருவனாகவே இலையைத் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் ஆட்டோக்காரர் என்னைச் சுனாமிக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு, "உப்பளத்துக்குனு சொல்லவேல்லியே சார்" என்றார். மூன்று தடவை சொல்லியிருந்தேன். வெயிலில் நடந்தேன். வெறும் சோறு, ஒரு வடை. வரப்பில் வைத்தேன். பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தேன், எவன் வருகிறான் பார்ப்போம் என்று.

அவன்தான் வந்தான். பழுப்புத் தலை. இரண்டே நாளில் பழுப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. நெற்றி மட்டும் வெள்ளை. என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இறங்கி, சிவப்புக் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்து வந்தது. நான் கையை ஓங்கினேன். அது என் கையையும் என்னையும் பார்த்துவிட்டு வடையை எடுத்தது. எடுத்ததை அப்படியே விழுங்கியது. தொண்டையில் வடை இறங்குவது வெளியே தெரிந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்று கத்தினேன். "ஏன்டா, வந்து தின்னுட்டுப் போறதுக்குன்னே பொறந்தியா? அடுத்தவன் தட்டுல இருக்கறதுதான் ருசிக்குமா உனக்கு? அங்க ஒருத்தி பட்டினி கிடக்கறா, தெரியுமா?" செருப்பைக் கழற்றி வீசினேன். அது லேசாக ஒதுங்கியது. உப்புக் கட்டியை எடுத்து அடித்தேன். மறுபடி ஒதுங்கியது. சோற்றை முடித்தது. தலையைத் தூக்கி அந்தத் துருப்பிடித்த கத்தலைக் கத்திவிட்டு, என் தலைக்கு மேலேயே பறந்து முகத்துவாரப் பக்கம் போனது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. ஒருத்தி பாத்தியில் கிடந்த என் செருப்பை எடுத்துக் கழுவிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் பூத்தில் உண்மையைச் சொன்னேன். இனி பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"காக்கா எடுக்கலம்மா. மூணு தடவை வெச்சேன். மூணு தடவையும் ஒரு கடல்புறா வந்து தின்னுட்டுப் போயிடுச்சு. காக்கா வந்தாலும் கிட்ட வுட மாட்டேங்குது."

அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மூணு தடவையும் அதேவா?" என்றாள்.

"அதேதான். எனக்குத்தான் தெரியுமே. தனியாத் தெரியும் அது."

"எப்படி இருந்துச்சு?"

என்னத்துக்கு இதெல்லாம் என்று எரிச்சலாக இருந்தாலும் சொன்னேன். "வெள்ளை வெளேர்னு இருக்கும்மா. வாய் மட்டும் செவப்பு."

"வெத்தலை போட்ட மாதிரியா?"

"ஆமா. தலையில பழுப்பா சாயம் அடிச்ச மாதிரி..."

"முன்னாடி மட்டும் வெள்ளையா வுட்டுப்போயி."

நான் அதை இன்னும் சொல்லவில்லை. சொல்லப் போகிற நேரம் அம்மா முந்திக்கொண்டாள். அப்பாவுக்குத் தலைச்சாயம் பூசிவிடுவது அம்மாதான். முட்டிவலியால் உட்கார்ந்தபடியே பின்னாலிருந்து பூசுவாள். நெற்றிப் பக்கம் எப்போதும் விட்டுப்போகும். அந்தத் தலையோடுதான் அவர் யாவாரத்துக்குக் கிளம்பிப் போவார்.

"தின்னுட்டு என்ன பண்ணுச்சு?"

"தலையைத் தூக்கி ஒரு சத்தம் போட்டுட்டுப் போயிடுச்சு."

"ஒரு வாய்கூட யாருக்கும் குடுக்கல?"

"பக்கத்துல வந்ததையெல்லாம் கொத்தி விரட்டிடுச்சும்மா."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மயக்கத்தில் பிதற்றுகிறாளோ என்று பயந்தேன்.

"அட முட்டாப் பயலே. நானும் ஒரு முட்டாள். காக்காவுக்கு காத்துக்கிட்டு கெடந்தோமே! நாலு பேரைக் கூப்பிட்டு வெச்சுத் திங்கற ஆளாடா உங்கப்பா?"

கண்ணாடிக்கு வெளியே பூத்காரர் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். "செருப்பால அடிச்சேம்மா" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பையன் குரலாகக் கேட்டது.

"பட்டுச்சா?"

"இல்ல."

"படாது. அவர் மேல எது பட்டுச்சு, இது படறதுக்கு?" என்றாள். சிரிப்பு நின்றிருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு போனைக் கீழே இறக்கிவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டாள். "ஏம்மா, சோறு போடு. ஒரு முட்டையும் பொரி."

அங்கே தட்டு வைக்கிற சத்தம் கேட்கும் வரை நான் போனை வைக்கவில்லை.